பெயர் மாற்றம்: சென்னைவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் பெயரை மாற்ற நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. முதலில் இன்றைய நடைமுறை வருகிறது. அது ஏன் இவ்வளவு அலைச்சலாக இருக்கிறது, எப்படி மாற்றலாம் என்பது பின்னால் வருகிறது. அந்தப் பகுதியில் என் கருத்தும் கலந்திருக்கும். பட்டா பெயர் மாற்றம், ஈபி இணைப்புப் பெயர் மாற்றம் தேடி வந்தவர்கள் வேறு இடம் பார்க்கவும். இங்கே பேசுவது ஆளுடைய பெயரைப் பற்றி மட்டும்.

என் பெயரை நானே மாற்றிக்கொள்ள உரிமை உண்டா?

உண்டு. சிபிஎஸ்இ சான்றிதழில் பெயர் மாற்றுவது தொடர்பான ஜிக்யா யாதவ் வழக்கில், 2021 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பெயர் ஒருவரின் அடையாளத்தின் பகுதி. அதைத் தேர்ந்துகொள்வது அரசியல் சட்டத்தில் பேச்சுரிமை தரும் 19(1)(அ) பிரிவிலும், வாழ்வுரிமை தரும் 21-ஆம் பிரிவிலும் அடங்கும்.

சிக்கல் எங்கே என்றால், இந்த உரிமையைப் பயன்படுத்த ஒரு தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. யாரிடம் விண்ணப்பிப்பது, எத்தனை நாளில் முடிக்க வேண்டும், ஒரு துறை ஏற்றால் மற்றவை ஏற்க வேண்டுமா என்று ஒரே இடத்தில் எழுதிவைத்த சட்டம் கிடையாது. அந்த வெற்றிடத்தை வழக்கத்தாலும் சுற்றறிக்கைகளாலும் நிரப்பி வைத்திருக்கிறோம்.

தமிழ்நாட்டில் எங்கே விண்ணப்பிப்பது?

எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறையில். அலுவலகம் அண்ணா சாலையில் 110-ஆம் எண். படிவம் அந்தத் துறையின் இணையதளத்திலேயே கிடைக்கும். பழைய பெயர், புதிய பெயர், பிறந்த தேதி, சொந்த மாவட்டம், பெற்றோர் பெயர், முகவரி, மாற்றத்துக்கான காரணம் ஆகியவற்றை எழுதி, சான்றொப்பமிட்ட புகைப்படம், பிறப்புச் சான்று அல்லது பள்ளிச் சான்றின் நகல், முகவரிச் சான்று ஆகியவற்றோடு கட்டணம் செலுத்த வேண்டும். திருமணம், மணமுறிவு, தத்து, மதமாற்றம் போன்ற காரணம் என்றால் அதற்கான ஆவணமும் வேண்டும்.

ஏற்கப்பட்டால், புதன்கிழமைதோறும் வரும் தமிழ்நாடு அரசிதழின் (கெஜட்) 6-ஆம் பாகம் 4-ஆம் பிரிவில் உங்கள் அறிவிப்பு அச்சாகும். 'இன்னாரின் மகனாகிய, இந்த நாளில் பிறந்த, இந்த முகவரியில் வசிக்கும் நான் இனி இந்தப் பெயரால் அறியப்படுவேன்' என்று ஒரே வாக்கியம்தான். பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோரோ காப்பாளரோ விண்ணப்பிக்கிறார்கள்.

தமிழில் வெளியிடுவதா, ஆங்கிலத்திலா?

தமிழில் கட்டணம் குறைவு. ஆனால் பாஸ்போர்ட், பான் போன்றவை ஆங்கில எழுத்துகளை வைத்தே இயங்குகின்றன. ஆங்கில எழுத்துக்கூட்டல் மாற வேண்டும் என்றால் ஆங்கிலத்தில் வெளியிடுவதைத் தவிர வேறு வழியில்லை. அனுப்பும் முன் ஒவ்வொரு எழுத்தையும் சத்தமாகப் படித்துச் சரிபாருங்கள். அரசிதழில் பிழையோடு வந்தால் அதைத் திருத்த மறுபடி ஒரு விண்ணப்பம் போட வேண்டியிருக்கும்.

ஏஜென்ட் மூலம் போகலாமா?

தேவையில்லை. படிவத்தை நீங்களே நிரப்பிவிடலாம்.

இன்ஷியலை விரித்து எழுதவும் அரசிதழ் வேண்டுமா?

இது நம் ஊருக்கே உரிய தலைவலி, கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

நாட்டின் பெரும்பாலான படிவங்கள் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களை வைத்தே வடிவமைக்கப்பட்டவை. தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இருக்கிறது. இதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. வேறு மாநிலங்களில் சாதிப்பெயர் உட்காரும் இடத்தில் நம்மிடம் ஒரு எழுத்தும் ஒரு புள்ளியும் மட்டும் நிற்பதில் அந்த இயக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நான் அதைக் குறையாக நினைக்கவில்லை. அந்த எழுத்துக்குப் படிவங்களில் இடம் ஒதுக்காததுதான் குறை.

விளைவு என்ன? ஒருவர் பள்ளியில் 'கே. கவிதா', ஆதாரில் 'கவிதா கே', பானில் 'கவிதா கருணாகரன்', பாஸ்போர்ட்டில் முதற்பெயர் 'கவிதா', குடும்பப் பெயர் 'கருணாகரன்'. நான்கும் ஒரே பெண்தான். கணினிக்கு நான்கு பேர். பான்-ஆதார் இணைப்பு நிற்கிறது, டிஜிலாக்கரில் சான்றிதழ் இறங்க மறுக்கிறது, பிஎஃப் பணம் எடுக்கப் போனால் பெயர் பொருந்தவில்லை என்று வருகிறது. வெளிநாட்டு அலுவலகத்தில் எல்லோரும் அவரை 'கருணாகரன்' என்று அவருடைய அப்பா பெயரில் கூப்பிடுவார்கள். அது வேறு கதை.

குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டாலும் நிம்மதியில்லை. அமெரிக்க விசாவில் அந்த ஒற்றைப் பெயரே குடும்பப் பெயராகி, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'தெரியவில்லை' என்பதற்கான மூன்றெழுத்துக் குறியீடு ஏறும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் பலரும் கலங்கிப்போனார்கள்.

கேள்விக்கு வருகிறேன். பிறப்புச் சான்றிலும் பள்ளிச் சான்றிலும் அப்பா அல்லது அம்மாவின் முழுப்பெயர் தெளிவாக இருந்து, அதையே நீங்கள் விரித்து எழுதினால், பெரும்பாலும் அரசிதழ் இல்லாமலே வேலை முடிந்துவிடும். இன்ஷியலே மாறுகிறது, அல்லது விரித்த பெயர் எந்தச் சான்றிலும் இல்லை என்றால் அரசிதழ்தான் வழி.

திருமணத்துக்குப் பின் பெண் தன் பெயரை மாற்றியே ஆக வேண்டுமா?

வேண்டாம். எந்தச் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. 'மாத்தாட்டி பின்னாடி பிரச்சினை வரும்மா' என்று வீட்டில் சொல்வார்கள். அனுபவத்தில் மாற்றியவர்களுக்குத்தான் அலைச்சல் அதிகம். அப்பா இன்ஷியலோடு பட்டச் சான்றிதழ், கணவர் இன்ஷியலோடு ரேஷன் அட்டை என்று ஆவணங்கள் இரண்டு அணியாகப் பிரிந்து நிற்கும். மாற்றத்தான் வேண்டும் என்றால் பதிவுத் திருமணச் சான்றைக் கொண்டே பாஸ்போர்ட், வங்கி உள்ளிட்ட பல இடங்களில் மாற்றலாம். மணமுறிவுக்குப் பின் பழைய பெயருக்குத் திரும்ப விரும்புபவர்கள் தீர்ப்பாணையின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தையின் பிறப்புச் சான்றில் பெயரே இல்லை. என்ன செய்வது?

இது பெயர் மாற்றம் இல்லை, பெயர் சேர்ப்பு. பிறப்பு பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுவரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். சென்னைக்குள் பிறந்திருந்தால் மாநகராட்சி மண்டலச் சுகாதார அலுவலகத்தை அணுகுங்கள்.

தள்ளிப்போடாதீர்கள். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் செய்த திருத்தம் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அன்றோ அதன் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசு வேலை என்று எல்லாவற்றுக்கும் பிறந்த நாள், பிறந்த இடத்துக்குப் பிறப்புச் சான்றுதான் ஆதாரம். அதில் ஏறும் பெயர்தான் பின்னால் எல்லா இடத்துக்கும் போகும். ஒரு தடவை ஏறிய பெயரில் எழுத்துப் பிழை என்றால் அந்தச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் திருத்தலாம். பெயரே பிடிக்கவில்லை என்றால் அது வேறு பாதை.

நியூமராலஜிப்படி ஒரு எழுத்து சேர்க்கச் சொன்னார்கள். செய்யலாமா?

சட்டத்தில் தடையில்லை. அரசிதழின் எந்த இதழைப் புரட்டினாலும் ஒரு 'எச்' கூடிய, ஒரு 'ஏ' இரட்டித்த பெயர்கள் வரிசையாக வரும். அந்த எழுத்து யோகம் தருகிறதோ இல்லையோ, ஏழெட்டு கவுண்டரில் நிற்க வைப்பது நிச்சயம். கையெழுத்தில் மட்டும் சேர்த்துக்கொண்டு ஆவணங்களை விட்டுவிடுங்கள் என்பதே என் யோசனை.

தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுத ஒரே முறை என்று ஒன்று கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2020 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டது. வந்த விமர்சனத்தில் சில நாள்களிலேயே திரும்பப் பெற்றது. அரசே முடிவு செய்ய முடியாத விஷயத்தில், பிள்ளையைச் சேர்க்கும்போது பள்ளிக்கூட எழுத்தர் அவசரத்தில் எழுதியதற்கு நாம் ஆயுள் முழுக்கப் பதில் சொல்கிறோம்.

அரசிதழில் வந்துவிட்டது. அடுத்து எங்கே போவது?

முதலில் ஆதார். முழுப்பெயர் மாற்றத்துக்கு அரசிதழும், பழைய பெயரைக் காட்டும் அடையாளச் சான்றும் கேட்பார்கள். கவனம்: ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டே முறைதான் மாற்ற முடியும். எழுத்துப் பிழைக்காக ஒன்றைச் செலவழித்திருந்தால் மிச்சம் ஒன்றுதான். அதன்பின் பான், பிறகு வங்கி. மற்றவை இந்த மூன்றையும் ஒட்டியே நகரும். வாக்காளர் பட்டியலுக்கு 8-ஆம் படிவம். ஓட்டுநர் உரிமமும் ரேஷன் அட்டையும் இணையவழியில் தொடங்கலாம். பிஎஃப் கணக்கில் 2017 அக்டோபருக்குப் பின் ஆதார் சரிபார்ப்போடு யுஏஎன் (பிஎஃப் உறுப்பினருக்கான நிரந்தர எண்) பெற்றவர்கள், 2025 ஜனவரியிலிருந்து வந்த எளிய முறையில் பெயரைத் தாங்களே திருத்திக்கொள்ளலாம். பாஸ்போர்ட்டைக் கடைசிக்கு வைத்துக்கொண்டால் காட்டுவதற்குப் புதிய பெயரில் சான்றுகள் இருக்கும்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் மாறுமா?

பிழை திருத்தமும் பெயர் மாற்றமும் வேறு வேறு. பள்ளிப் பதிவேட்டில் சரியாக இருந்து சான்றிதழில் தவறாக அச்சாகியிருந்தால், தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்கலாம். படித்து முடித்தபின் விரும்பி மாற்றிய பெயரைப் பழைய சான்றிதழில் ஏற்றுவது கடினம். பெரும்பாலோர் சான்றிதழோடு அரசிதழ் நகலையும் இணைத்தே காலம் தள்ளுகிறார்கள்.

மேலே சொன்ன ஜிக்யா யாதவ் தீர்ப்பு சிபிஎஸ்இ மாணவர்களுக்கு வழி திறந்தது. ஆனால் விரும்பி மாற்றும் பெயருக்கு நீதிமன்ற அனுமதியும் அரசிதழ் வெளியீடும் கேட்கலாம், புதிய சான்றிதழில் பழைய பெயரையும் குறிப்பிடலாம் என்றும் சொன்னது. உரிமையைப் பெரிதாக அறிவித்துவிட்டு வாசலைக் குறுக்கிவிட்டதாகத்தான் எனக்குப் படுகிறது.

பழைய பெயரில் உள்ள வீட்டுப் பத்திரம் செல்லுமா?

செல்லும். பதிவான பத்திரத்தைத் திருப்பி எழுத வேண்டாம். அடுத்து விற்கும்போதோ அடமானம் வைக்கும்போதோ 'இன்னார் (எ) இன்னார்' என்று இரு பெயரையும் எழுதி, அரசிதழ் விவரத்தைக் குறிப்பிட்டால் போதும். பத்திர எழுத்தர்களுக்கு இது பழக்கமான வேலை. இந்த ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1996-இல் சென்னை ஆனது. பாரிமுனையில் இருக்கும் உயர் நீதிமன்றம் சட்டப்படி இன்னும் மெட்ராஸ்தான். அதன் தீர்ப்பை யாரும் பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பவில்லை.

திருநர்களுக்குத் தனி நடைமுறை உண்டா?

உண்டு. பாலின அடையாளத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று, தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த நால்சா வழக்கில் ஏற்றது. 2019-இல் சட்டமும் 2020-இல் விதிகளும் வந்தன. திருநர்களுக்கான தேசிய இணையதளம் வழியாக மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பித்து அடையாளச் சான்று பெறலாம். சென்னையில் என்றால் ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகம். அந்தச் சான்றைக் காட்டி மற்ற ஆவணங்களில் பெயரையும் பாலினத்தையும் திருத்தக் கேட்கலாம்.

ஒரு சான்றைக் காட்டினால் எல்லாத் துறையும் ஏற்க வேண்டும் என்ற ஏற்பாடு எல்லோருக்கும் வர வேண்டியது. நடைமுறையில், அந்தச் சான்றைக் கையில் வைத்திருப்பவரிடமும் அரசிதழ் கேட்கும் கவுண்டர்கள் இருக்கின்றன.

அரசே அச்சிட்ட அரசிதழைக் காட்டியும் ஏன் நோட்டரி பத்திரம் கேட்கிறார்கள்?

அரசிதழின் பெயர் மாற்றப் பகுதியில் அச்சாகும் அறிவிப்பைப் படித்தால் காரணம் புரியும். இந்த விளம்பரங்களை வெளியிடுவதற்கு எந்தச் சட்டப் பொறுப்பும் ஏற்கப்படாது. சட்ட விளைவுகளுக்கும் தவறான தகவலுக்கும் அறிவிப்பவரே முழுப் பொறுப்பு என்று அதில் இருக்கிறது. அந்தப் பிரிவே தனியாரின் விளம்பரங்களுக்கானது. அதாவது அரசு உங்கள் பெயரை மாற்றவில்லை. நீங்கள் மாற்றிக்கொண்டதாகச் சொல்வதைக் காசு வாங்கி அச்சடித்துத் தருகிறது.

ஆகவே அடுத்த அலுவலகம் தன் பங்குக்கு மறுபடி முதலிலிருந்து விசாரிக்கிறது. ஒன்றுக்கு அரசிதழின் அசல் வேண்டும், இன்னொன்றுக்கு 'இரு பெயரும் ஒருவரையே குறிக்கும்' என்று உறுதிமொழிப் பத்திரம், வேறொன்றுக்கு நாளிதழ் விளம்பரம். அண்ணா சாலையில் ஒப்படைத்த அதே நகல்களை நீங்கள் எட்டு இடத்தில் எட்டு முறை தருகிறீர்கள். ஓர் இடத்திலும் மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் எந்த இடமும் அடுத்த இடத்துக்குச் சொல்லி அனுப்புவதில்லை.

விண்ணப்பத்தை ஆன்லைன் ஆக்கிவிட்டால் சரியாகிவிடாதா?

மகாராஷ்டிராவில் அரசிதழ்ப் பெயர் மாற்றத்துக்கு இணையவழியிலேயே விண்ணப்பிக்கலாம். நல்லதுதான், வரிசை குறைகிறது. ஆனால் அது முதல் வாசலை மட்டும் அகலப்படுத்துகிறது. அதற்குப் பின்னால் உள்ள ஏழெட்டு வாசல்கள் அப்படியே நிற்கின்றன.

நார்வேயிலும் சுவீடனிலும் பெயர் மாற்றம் வரித்துறை கையில் இருக்கிறது, ஏனென்றால் மக்கள்தொகைப் பதிவேட்டை நடத்துவது அந்தத் துறைதான். சுவீடனில் 2017 ஜூலையில் இந்தப் பொறுப்பு காப்புரிமை அலுவலகத்திலிருந்து வரித்துறைக்கு மாறியது. பதிவேட்டில் பெயர் மாறினால் மற்ற அரசுத் துறைகளுக்குத் தகவல் தானாகப் போகும். நமக்கு அதுபோல ஒரே பதிவேடு வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒருவரைப் பற்றிய எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவிப்பதில் வேறு ஆபத்துகள் உண்டு.

நமக்கு வேண்டியது அதைவிடச் சிறியது. ஒரு மாநிலச் சட்டம். அதன்படி ஒரு அலுவலர் விண்ணப்பத்தைச் சரிபார்த்து, பொறுப்பேற்று, எண்ணிட்ட பெயர் மாற்றச் சான்று தர வேண்டும். அந்த எண்ணை எந்தத் துறையும் இணையத்தில் சரிபார்க்க முடிய வேண்டும். எண் சரியென்றால் வேறு தாள் கேட்கக் கூடாது. கேட்டால் எழுத்தில் காரணம் தர வேண்டும். ஆதாரும் பாஸ்போர்ட்டும் ஒன்றிய அரசின் கையில் இருப்பதால் மாநிலச் சட்டம் அவற்றைக் கட்டாயப்படுத்தாது. ஆனால் ரேஷன் அட்டை, மதிப்பெண் சான்றிதழ், பல்கலைக்கழகப் பட்டம், பட்டா, சாதிச் சான்று எல்லாம் மாநிலத்திடம் இருப்பவைதானே? அவற்றிலிருந்து தொடங்கலாம்.

என் முகவரி அரசிதழில் வரக்கூடாது என்று கேட்கலாமா?

இப்போதைய வடிவத்தில் பெயர், பிறந்த தேதி, வீட்டு எண், தெரு வரை எல்லாம் அச்சாகிறது. தாளில் மட்டும் இருந்த காலத்தில் அதைத் தேடி எடுப்பவர் குறைவு. இப்போது அரசிதழ் இணையத்தில் இருக்கிறது, பழைய பெயரும் புதிய பெயரும் வீட்டு முகவரியும் ஒரே வரியில். அடிக்கும் கணவனிடமிருந்து விலகிப் பெயரை மாற்றிக்கொண்ட பெண்ணுக்கும், வீட்டார் மிரட்டலுக்கு அஞ்சும் திருநருக்கும், சாதி மறுப்புத் திருமணம் செய்தவர்களுக்கும் இந்த ஒரு வரியே போதும், தேடி வருபவருக்கு வழி காட்டிவிடும்.

2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தது. அதற்குப் பிறகும் இந்தப் படிவம் பழைய காலத்திலேயே நிற்கிறது. பொதுமக்களுக்குத் தெரிய வேண்டியது இந்தப் பெயர் அந்தப் பெயராகியது என்பது மட்டும். மற்ற விவரங்கள் துறையிடம் இருக்கட்டும். ஆபத்தில் இருப்பவர் கேட்டால் வெளியீட்டையே தவிர்க்கும் அதிகாரம் அலுவலருக்கு இருக்க வேண்டும். இந்த மாற்றத்துக்குப் புதிய மென்பொருள்கூட வேண்டாம். படிவத்தில் இரண்டு வரியை எடுத்தால் போதும்.

எளிதாக்கினால் கடன்காரர்களும் குற்றவாளிகளும் பெயரை மாற்றிக்கொண்டு ஓடிவிட மாட்டார்களா?

பெயர் மாறினால் கடன் போகாது, வழக்கும் போகாது. ஒருவரைக் கண்டுபிடிக்க இன்று பான் எண்ணும் கைரேகையும் இருக்கின்றன. அவை பெயரோடு மாறுவதில்லை. பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும் முன்பு பெயர் மாற்றியதுண்டா என்று தனியாகக் கேட்கிறார்கள். ஏமாற்ற நினைப்பவன் அண்ணா சாலைக்கு வந்து பழைய பெயரையும் புதிய பெயரையும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போடப் போவதில்லை. இன்றைய அலைச்சல் தடுப்பது, அரைநாள் கூலியை விட முடியாமல் பிழையான பெயரோடே ஓய்வூதியத்துக்கு அலைபவரைத்தான்.

இப்போதே விண்ணப்பிக்கலாமா, காத்திருக்கலாமா?

சீர்திருத்தம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆனால் காலம் பார்த்துச் செய்யுங்கள். விசா விண்ணப்பம், போட்டித் தேர்வு, வீட்டுக் கடன் இவற்றில் ஏதாவது பாதியில் இருந்தால் அது முடியட்டும். தேர்வு விண்ணப்பத்தில் ஒரு பெயரும் சான்றிதழ் சரிபார்ப்பில் இன்னொரு பெயரும் வந்தால் விளக்கம் சொல்லியே ஓய்ந்துபோவீர்கள். அரசிதழ் கைக்கு வந்ததும் அசலை லேமினேட் செய்யாமல் உறையில் வைத்து, தெளிவாக ஸ்கேன் எடுத்து, இதழின் எண்ணையும் தேதியையும் பக்கத்தையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். படிவங்களில் அந்த மூன்றையும்தான் கேட்பார்கள்.